விழுந்த இடத்துல வீக்கம் வத்தலையா? உழிச்சலுக்கு ஓடுறதுக்கு முன்னாடி இதப் படிங்க

நான் டாக்டர் இல்ல, தையல்காரி. களியக்காவிளை பக்கம் சின்னக் கடை, ரெண்டு மிஷின், ஒரு ஓவர்லாக், ஸ்கூல் தொறக்குற சீசன்ல யூனிஃபார்ம் தச்சே முதுகு ஒடியும். அப்படி ஒரு மே மாசக் கடைசில தங்கச்சி மவனுக்கு பேண்ட் அளவு எடுக்கேன், இடது முட்டு 13¾ இஞ்ச், வலது முட்டு 15. டேப் முறுக்கிக்கிட்டு இருக்கும்னு நினைச்சு திருப்பித் திருப்பி எடுத்தேன், அதே 15. "என்னல இது"ன்னு கேட்டா "பந்து விளையாடும்போ விழுந்தது பெரியம்மா, உழிச்சல் போயிட்டு இருக்கோம், சரியாயிரும்"ங்கான். உழிச்சல்னா எங்க பக்கம் எண்ணெய் போட்டு அமுக்கி உழியுற வைத்தியம். தங்கச்சிய கட்டிக்கொடுத்தது நீரோடிப் பக்கம், அங்க கடப்புறத்துல பிள்ளைங்க நடக்கப் படிக்கதுக்கு முன்ன பந்து அடிக்கப் படிப்பானுவ, அதனால விழுந்தான்னு சொன்னா யாரும் ரெண்டாவது கேள்வி கேக்க மாட்டாவ. விழுந்து ஒண்ணரை மாசம் ஆயிருந்தது.

அது எலும்புல வந்த கேன்சர் கட்டி, ஆஸ்டியோசர்கோமான்னு பேரு. அவன் இப்ப நடக்கான், அத பொறவு சொல்லுதேன். முதல்ல சொல்ல வந்தது, அடிபட்ட இடத்துல வீக்கமோ கட்டியோ நின்னுபோனா வீட்ல உக்காந்து என்ன பாக்கணும், எத்தன நாள் பொறுக்கலாம், எப்ப கிளம்பணும், போய் என்ன சொல்லணும்ங்கறதுதான்.

மொதல்ல அந்தப் பெரிய கேள்வி, அடிபட்டா கேன்சர் வருமா. எலும்புக் கட்டிக்கும் சதைக் கட்டிக்கும் அடிதான் காரணம்னு இதுவரைக்கும் யாரும் நிரூபிக்கல, ஆனா இந்தக் கட்டி வந்தவங்கள்ல நிறைய பேரு ஒரு அடியத்தான் ஞாபகம் வச்சு சொல்லுவாங்க. இதுல ரெண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு, சின்னப் பிள்ளைங்க தினமும் விழும், கட்டி வராத பிள்ளையோட அம்மாகிட்ட போய் போன சித்திரைல உன் மவன் எங்க விழுந்தான்னு கேட்டா ஞாபகம் இருக்காது, கட்டி வந்த பிள்ளையோட அம்மாவுக்கு மட்டும் அந்த நாள் கிழமை முதக்கொண்டு ஞாபகம் இருக்கும். ரெண்டாவது, கட்டி ஏற்கனவே உள்ள உக்காந்திருக்கும், எலும்பு பலம் குறைஞ்சிருக்கும், சின்ன அடிக்கே ஓவரா வலிக்கும், அப்பத்தான் அந்த இடத்த நாம கையால தொட்டே பாப்போம். அதாவது அடி கட்டிய உண்டாக்கல, காட்டிக் கொடுத்துச்சு.

கனடாவுல டெர்ரி ஃபாக்ஸ்னு ஒரு பையன் இருந்தான், கேள்விப்பட்டிருப்பீங்க. 1976 நவம்பர்ல கார் இடிச்சு வலது முட்டுல அடி, 1977 மார்ச்ல அதே முட்டுல ஆஸ்டியோசர்கோமான்னு தெரிஞ்சு முட்டுக்கு மேல கால எடுத்தாங்க. 1980ல செயற்கைக் காலோட 143 நாள் ஓடி 5,373 கிலோமீட்டர் தாண்டி கேன்சர் ஆராய்ச்சிக்கு காசு சேத்தான், அடுத்த வருஷம் ஜூன்ல 22 வயசுல போய்ட்டான். அந்த ஆக்சிடென்ட்டுதான் முட்ட பலவீனமாக்கி நோய கொண்டுவந்துச்சுன்னு அவனே நம்புனான், டாக்டருங்க சம்பந்தம் இல்லன்னு சொன்னாங்க. அவ்வளவு தெளிவான பையனே அப்படி நம்புனா நம்ம வீட்டு ஆளுங்க நம்புறதுல என்ன அதிசயம்.

இதுக்கு பழைய ஒரு சோதனை இருக்கு, எனக்கு ரொம்பப் புடிச்சது. ஜேம்ஸ் யூவிங்னு அமெரிக்காவுல ஒரு நோய்க்கூறு டாக்டர், யூவிங் சர்கோமான்னு எலும்புக் கட்டி ஒண்ணுக்கு இவரு பேருதான். அந்தக் காலத்துல வேலை பாக்குற இடத்துல அடிபட்டுத்தான் கேன்சர் வந்துச்சு, நஷ்டஈடு குடுன்னு கேஸ் மேல கேஸ் வந்துட்டு இருந்துச்சு, அதுக்கு 1935ல இவரு அஞ்சு கேள்வி வச்சாரு, அஞ்சுக்கும் பதில் சரியா வந்தாத்தான் அடிய காரணமா சொல்ற பேச்சே எடுக்கலாம்னு. நம்ம வீட்லயே ஒரு பேப்பர எடுத்து இத எழுதிப் பாருங்க, டாக்டர்கிட்ட போகும்போதும் இந்தப் பேப்பர்தான் உதவும்.

உண்மையாவே அடிபட்டுச்சா, அதுவும் போதுமான அளவு பலமா பட்டுச்சா. கட்டில் கால்ல லேசா இடிச்சதெல்லாம் கணக்குல வராது. அடிபடுறதுக்கு முன்னாடி அந்த இடம் நல்லா இருந்துச்சா, வலியோ வீக்கமோ இல்லையா. கட்டி வந்தது அடிபட்ட அதே இடத்துலயா, இல்ல அடி முட்டுச் சில்லுல பட்டு கட்டி தொடையிலயா. அடிக்கும் கட்டிக்கும் நடுவுல நியாயமான காலம் போயிருக்கா, அதாவது நேத்து அடிபட்டு இன்னைக்கு எலுமிச்சம்பழம் அளவு கட்டின்னா அது நேத்து வந்ததே இல்ல, எத்தனையோ மாசமா வளந்தது. கடைசியா, அது கட்டிதான்னு பயாப்ஸில, அதாவது கட்டில இருந்து துளி எடுத்து சோதிச்சு, உறுதி பண்ணியாச்சா.

எங்க வீட்ல ரெண்டாவது கேள்விலயே கதை உடைஞ்சுபோச்சு. டாக்டர் பையன்கிட்ட கேட்டாரு, விழறதுக்கு முன்னாடி வலி இருந்துச்சாடான்னு. அவன் அம்மா மூஞ்சியப் பாத்தான், என் மூஞ்சியப் பாத்தான், அப்புறம் தரையப் பாத்துக்கிட்டு "கிறிஸ்துமஸ் லீவுலயே ராத்திரி வலிக்கும், சொன்னா பந்தடிக்க விட மாட்டாங்கன்னு சொல்லல"ன்னான். விழுந்தது ஏப்ரல்ல. தங்கச்சிக்கு அன்னைக்கு வந்த அழுகைய எழுத முடியாது. அதனால பிள்ளைங்ககிட்ட கேக்கும்போது மிரட்டாம, தனியா கூட்டிட்டுப் போய், "விளையாட்ட நிறுத்த மாட்டேன், உண்மையச் சொல்லு"ன்னு கேளுங்க. பதில் வேற மாதிரி வரும்.

சரி, இப்ப செய்ய வேண்டியது. அடிபட்ட அன்னைக்கு தேதிய காலண்டர்ல எழுதுங்க, வேற ஒண்ணும் வேண்டாம், தேதி மட்டும். ரெண்டு நாள் ஐஸ், ஓய்வு, கால தலகாணி மேல தூக்கி வைக்கிறது. கண்ணால கவனிக்க வேண்டியது கலரு. சாதாரண ரத்தக்கட்டுன்னா முதல்ல கருநீலமாகும், பொறவு பச்சை, அப்புறம் மஞ்சள், ரெண்டு மூணு வாரத்துல மங்கிப்போகும், வீக்கமும் கூடவே வத்தும். அப்படி கலர் மாறாம, தோல் மேல ஒரு நீலமும் இல்லாம, உள்ள மட்டும் கெட்டியா ஒண்ணு நிக்குதுன்னா அத ரத்தக்கட்டுன்னு பேசி முடிச்சிராதீங்க. ரத்தக்கட்டுன்னு சொல்லி மாசக்கணக்குல விட்டு கடைசில சதைல வந்த சர்கோமா, அதாவது சதைக் கேன்சர்னு தெரிஞ்ச கதை நெறைய இருக்கு. அதுக்காக எல்லாத்தையும் கேன்சர்னும் நினைக்க வேண்டாம், சில ரத்தக்கட்டு உள்ளயே தங்கி வருஷக்கணக்குல பெருகவும் செய்யும், ஸ்கேன் எடுத்தாத்தான் எது எதுன்னு தெரியும்.

அளவு எடுக்குறது என் தொழில், அதனால கொஞ்சம் விரிவா சொல்லுதேன். கால நீட்டி உக்கார வைங்க, முட்டுச் சில்லோட மேல் விளிம்புல பேனாவால ஒரு கோடு, அங்க இருந்து 10 சென்டிமீட்டர் மேல இன்னொரு கோடு. தையல் டேப்ப அந்த ரெண்டு கோட்டுலயும் சுத்தி, இறுக்காம, தோல் அமுங்காம அளவு எடுத்து எழுதுங்க, அடுத்த காலுக்கும் அதே மாதிரி. வாரத்துக்கு ஒரு தடவ, அதே நேரம், அதே ஆளு எடுக்கணும், காலையில ஒருத்தரு ராத்திரி ஒருத்தரு எடுத்தா அளவு மாறும். ரெண்டு காலுக்கும் கொஞ்சம் வித்தியாசம் நிறைய பேருக்கு இருக்கும், பயப்படாதீங்க. இதுல ஒரு சூட்சுமம் உண்டு, வலிக்குற கால ஊன்றி நடக்காததுனால தொடைச் சதை வத்தும், அதனால மேல் கோட்டு அளவு குறைஞ்சுக்கிட்டே வரும், கட்டி இருக்குற இடம் கூடிக்கிட்டே வரும், மொத்தமா பாத்தா கால் மெலிஞ்ச மாதிரி இருக்கும், நாமளும் வீக்கம் வத்துதுன்னு சந்தோஷப்படுவோம். அதான் ரெண்டு கோடு. கட்டி கைக்குத் தட்டுப்படுதுன்னா அதோட நீளத்தையும் எழுதுங்க. 5 சென்டிமீட்டர், அதாவது நம்ம கணக்குல ரெண்டு இஞ்ச், அதுக்கு மேல போனா, இல்ல வளந்துக்கிட்டே இருந்தா, இல்ல தோலோட நகராம சதைக்கு அடில ஆழமா இருந்தா, இல்ல ஒரு தடவ எடுத்த கட்டி திரும்ப அதே இடத்துல வந்தா, இதுல ஒண்ணு இருந்தாலே போதும், டாக்டர பாக்கணும். வலி இல்லையேன்னு விடாதீங்க, சதைக் கட்டி பெரும்பாலும் வலிக்காது. எலும்புக் கட்டிதான் வலிக்கும், அதுவும் ராத்திரி, ஓய்வுல இருக்கும்போது.

ராத்திரி வலின்ன உடனே தூக்கத்த கெடுத்துக்கவும் வேண்டாம். வளர்ற பிள்ளைங்களுக்கு ரெண்டு காலும் மாறி மாறி வலிக்கும், காலையில ஒண்ணும் தெரியாத மாதிரி ஓடும், அது வேற. ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமான்னு சாதுவான ஒரு சின்னக் கட்டி இருக்கு, ராத்திரி வலிச்சு ஆஸ்பிரின் போட்டா சட்டுனு அடங்கும். எது சந்தேகப்பட வேண்டியதுன்னா ஒரே கால், ஒரே இடம், வாரம் போகப் போக கூடுற வலி, 10 வயசுல இருந்து 20 வயசுக்குள்ள, முட்டுக்கு மேலயோ கீழயோ. ஆஸ்டியோசர்கோமா அதிகமா வர்ற இடம் அதுதான், எலும்பு வேகமா வளர்ற வயசும் அதுதான். பிரிட்டன்ல பிள்ளைங்களுக்கு காரணம் தெரியாத எலும்பு வலியோ வீக்கமோ இருந்தா 48 மணி நேரத்துக்குள்ள எக்ஸ்ரே எடுக்கணும்னு வழிகாட்டுதலே வச்சிருக்காங்க. நாம முறிவெண்ணெய் வாங்க அலையுற நேரம் அது.

உழிச்சலப் பத்தி சொல்லியே ஆகணும், சண்டைக்கு வந்தாலும் பரவால்ல. எங்க பக்கம் உழிச்சல் பாக்குற வைத்தியர், ஆசான்மாருன்னு சொல்லுவோம், அவங்க இல்லாத ஊரு கிடையாது, எங்க அப்பாவோட தோள் சுளுக்க ஒரு ஆசான்தான் சரி பண்ணுனாரு, அத நான் மறக்கல. ஆனா பேரு தெரியாத வீக்கத்து மேல கை வைக்கக் கூடாது. எங்க பையன ஆறு வாரம் தினமும் எண்ணெய் போட்டு அமுக்கியிருக்காங்க, எந்த ஊரு எந்த ஆளுன்னு சொல்லப் போறதில்ல, அதுக்கு முன்னாடி போன கிளினிக்குல எக்ஸ்ரே எடுக்காம வலி மாத்திரை மட்டும் குடுத்து அனுப்புனவரையும் சொல்லப் போறதில்ல. கட்டியே இல்லன்னாலும் உழிச்சல் இன்னொரு வம்ப இழுக்கும், மயோசைட்டிஸ் ஆஸிஃபிகன்ஸ்னு பேரு, அடிபட்ட சதைக்குள்ள எலும்பு மாதிரி வளரும், முழங்கையிலயும் தொடையிலயும் அதிகம், அடிபட்ட முழங்கைய போட்டு உழிஞ்சா வர்ற வாய்ப்பு கூடும்னு எலும்பு டாக்டருங்க திரும்பத் திரும்ப சொல்லுவாங்க. இதுதான் உண்மையிலேயே அடியால வர்ற கட்டி, ஆனா கேன்சர் இல்ல, தானாவே அடங்கும். வேடிக்கை என்னன்னா, ஆரம்பத்துல இது ஆஸ்டியோசர்கோமா மாதிரியே இருக்கும், அவசரப்பட்டு பயாப்ஸி எடுத்தா மைக்ராஸ்கோப்புலயும் ஏமாத்தும். மூணுல இருந்து ஆறு வாரத்துல எக்ஸ்ரேல சுண்ணாம்பு படிஞ்சது தெரிய ஆரம்பிக்கும், இதுல ஓரம் கெட்டியா நடு மெத்துன்னு இருக்கும், சர்கோமான்னா பெரும்பாலும் அதுக்கு நேர்மாறு. அதனால டாக்டர் "மூணு வாரம் கழிச்சு இன்னொரு எக்ஸ்ரே எடுப்போம்"னு சொன்னா அலைய விடுறாருன்னு நினைக்காதீங்க, அந்தத் தேதிக்கு கண்டிப்பா போங்க.

பழைய காயத்துக்கும் கேன்சருக்கும் சம்பந்தமே இல்லையான்னா, சில இடத்துல இருக்கு. பழைய தீக்காயத் தழும்புல வருஷக்கணக்கா ஆறாம இருக்குற புண்ணுல தோல் கேன்சர் வரும், மார்ஜோலின் புண்ணுன்னு பேரு, சுட்டு சராசரியா 30 வருஷம் கழிச்சு. காஷ்மீர்ல உடம்போட ஒட்டி நெருப்புச் சட்டி வச்சிக்கிறவங்களுக்கு வர்ற காங்ரி கேன்சரும் இந்தச் சாதிதான். நம்ம பக்கம் கருப்பட்டி காய்ச்சுன வீடுகள்ல பதனீர் கொதிச்சு கொட்டி வெந்த கை கால் உள்ள பாட்டிமாரு இன்னும் இருக்காங்க, அந்தத் தழும்பு வெடிச்சு ஒரு மாசத்துக்கு மேல ஆறலைன்னா மஞ்சப்பொடி வைக்காம கூட்டிட்டுப் போங்க. எலும்புல சீழ் வச்சு வருஷக்கணக்கா ஒழுகுற ஓட்டையிலயும் இதே மாதிரி வரலாம். அப்புறம் டெஸ்மாய்டுன்னு ஒரு கட்டி, ஆபரேஷன் பண்ணுன தழும்புப் பக்கம் சிலருக்கு வரும், பரவாது ஆனா அந்த இடத்துல வேர் விட்ட மாதிரி புடிச்சுக்கும். இன்னொரு ஆச்சரியம், கோழிக்கு கட்டி உண்டாக்குற ரவுஸ் வைரஸ ஒரு றெக்கையில ஏத்தி, இன்னொரு றெக்கையில வெறும் காயம் மட்டும் பண்ணுனா அந்தக் காயத்துலயும் கட்டி வந்துச்சுன்னு 1985ல கண்டுபிடிச்சாங்க. காயம் ஆறுறப்ப வர்ற வளர்ச்சிச் சத்து அதுக்கு உதவுதாம். ஆனா வைரஸ் ஏத்தாத கோழிக்கு காயம் பட்டா காயம் மட்டும்தான்.

டாக்டர்கிட்ட போனா என்ன கேக்கணும்னா, ரெண்டு பக்கத்துல இருந்து எக்ஸ்ரே, நேரா ஒண்ணு சைடுல ஒண்ணு. பிள்ளைங்களுக்கு முட்டு வலின்னு சொல்லுற வலி சில நேரம் இடுப்பு மூட்டுல இருந்து வரும், அதனால இடுப்பையும் பாக்கச் சொல்லுங்க. எக்ஸ்ரே நல்லா இருந்தும் வலி நிக்கலைன்னா எம்ஆர்ஐ. எக்ஸ்ரேல சந்தேகம் வந்தா அதுக்குமேல சின்ன ஆஸ்பத்திரில ஒரு நாளும் வீணாக்காதீங்க, முக்கியமா பயாப்ஸிய அங்க எடுக்க விடாதீங்க. இது எல்லாரும் தப்பு பண்ணுற இடம். ஊசி குத்துனா பரவிடும்னு ஒரு பயம் ஊர்ல இருக்கு, முறையா எடுக்குற ஊசி பயாப்ஸிக்கு அப்படிப் பயப்பட வேண்டாம், ஆனா எங்க குத்துறாங்க, எந்தப் பக்கமா கீறுறாங்கங்கறது ரொம்ப முக்கியம், ஏன்னா கடைசி ஆபரேஷன்ல அந்த ஊசி போன வழியையும் சேத்து வெட்டி எடுக்கணும். கீறுனா கால் நீளவாக்குல கீறணும், குறுக்க கீறிட்டா காப்பாத்தக்கூடிய கால் கூட போகலாம். அதனால கடைசி ஆபரேஷன் எங்க பண்ணப் போறாங்களோ அங்கதான் பயாப்ஸி. கொழுப்புக் கட்டிதான், லோக்கல் ஊசி போட்டு கீறி எடுத்துரலாம்னு யாராவது சொன்னா, ஆழமா ரெண்டு இஞ்சுக்கு மேல இருக்குற கட்டிக்கு மொதல்ல ஸ்கேன்னு சொல்லிருங்க.

நம்ம கன்னியாகுமரி ஜில்லா ஆளுக்கு கவர்மென்ட்ல முதல் படி ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ், அதுக்கு மேல பாதிப்பேரு போறது திருவனந்தபுரம் ஆர்சிசி, அதாவது ரீஜினல் கேன்சர் சென்டர், 1981ல ஆரம்பிச்சது, அங்க மெடிக்கல் காலேஜ் வளாகத்துக்குள்ளயே இருக்கு. வேலூர் சிஎம்சி, அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட் போறவங்களும் உண்டு, ஆனா கீமோவுக்கு மாசக்கணக்குல போய் வரணும், அதனால கிட்ட இருக்குறது நல்லது. குழித்துறைல ரயில் ஏறலாம், இல்ல களியக்காவிளைல பஸ் மாறலாம். அங்க ஓபில மலையாளம்தான், நமக்கு பேச வரும் ஆனா ஒரு வார்த்தைல கவனம் வேணும். "நீரு"ன்னு சொன்னா அவங்களுக்கு வீக்கம், "சதவு"ன்னா அடிபட்ட கன்றிப்பு, "முழ"ன்னா கட்டி. என் தங்கச்சி முதல்ல "வீணு (விழுந்தான்), சதவு, நீரு"ன்னே சொல்லிட்டு இருந்தா, கேட்டவங்களுக்கு அது விழுந்த கேஸாவே கேட்டுச்சு. நான் இடைல புகுந்து "முழயாணு, வளருந்நு", அதாவது கட்டி, வளருதுன்னு சொல்லி அளவு எழுதுன நோட்ட நீட்டுனேன், வரிசை மாறிப்போச்சு. அடியப் பத்தி கடைசில சொல்லுங்க. மொதல்ல எப்ப இருந்து வலி, ராத்திரி எழுப்புதா, எவ்வளவு வளந்துச்சு, காய்ச்சல் மெலிவு உண்டா, என்ன எண்ணெய் என்ன கட்டு போட்டீங்க, இந்த வரிசை. பழைய எக்ஸ்ரே எல்லாத்தையும் கொண்டு போங்க, மடிக்காம.

எங்க பையனுக்கு கட்டி நுரையீரலுக்குப் போகல, அது எங்க அதிர்ஷ்டம். பரவாம இருக்கும்போது கண்டுபிடிச்சா நூத்துல அறுபது எழுபது பேரு அஞ்சு வருஷம் தாண்டுறாங்க, பரவிட்டா அந்தக் கணக்கு ரொம்பக் கீழ போயிரும். முதல்ல கீமோ, அப்புறம் தொடை எலும்போட கீழ்ப்பாதிய எடுத்துட்டு உலோக மூட்டு வச்சாங்க, திரும்ப கீமோ. தலை மயிரு கொட்டி, வாயெல்லாம் புண்ணு வந்து கஞ்சி கூட இறங்காம கிடந்தான்.

தங்கச்சி மட்டும் அந்தப் பந்தயே பேசிக்கிட்டு இருந்தா, கூட விளையாடி இடிச்ச பையன் வீட்டோட பேச்ச நிறுத்திட்டா. ஒரு நாள் வார்டுல ரவுண்ட்ஸ் வந்த டாக்டர்கிட்ட நேராவே கேட்டா, அன்னைக்கு விளையாட விடாம இருந்திருந்தா வந்திருக்காதுல்லன்னு. அவரு தமிழும் மலையாளமுமா சொன்னாரு, அன்னைக்கு விழாம இருந்திருந்தா நீங்க இன்னும் ரெண்டு மாசம் கழிச்சு வந்திருப்பீங்க அம்மான்னு. அவ ஒண்ணும் பேசல. அடுத்த ஞாயித்துக்கிழமை அந்தப் பையனோட அம்மா ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சு வாங்கிட்டு வந்தப்ப உக்காரச் சொன்னா.

இப்ப மூணு மாசத்துக்கு ஒரு தடவ செக்கப், காலும் நெஞ்சும் படம் எடுப்பாங்க, முதல் ரெண்டு வருஷம் அத விடக் கூடாது. வலது முட்டு இன்னைக்கும் கொஞ்சம் தடிமன்தான், உள்ள இருக்குறது உலோகம்லா, பேண்ட்டுக்கு அந்தப் பக்கம் அரை இஞ்ச் தளர்த்தி வெட்டுதேன்.